அளவு நோட்டு

குறும்பனையில் ஒற்றை அறை, இரண்டு தையல் மிஷின்.
நோட்டில் ஆளுக்கொரு பக்கம்.
ததேயுவுக்கு மட்டும் ஒன்பது.
கட்டினவர் என்றாலும் டேப்பைப் பிடிப்பது
வருஷத்துக்கு ஒரு தடவைதான்,
திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம்.

நெஞ்சுக்கு நான் இரண்டு எண் எழுதுவேன்.
மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று.
அந்த வித்தியாசம் தெரிந்தால்தான்
பொத்தானுக்கு நடுவே சட்டை பல்லிளிக்காது.
முதல் வருஷம் முப்பத்தெட்டரை, முப்பத்தாறு.
பாறைக்கடியில் சிப்பி எடுக்கிற ஆள்,
நான் தொண்ணூறு எண்ணும்வரை மேலே வரமாட்டார்.
அந்த இரண்டரை இஞ்சில்
எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது,
மறைப்பானேன்.

மூன்றாம் வருஷம் ஒன்றரை.
டேப் இழுபட்டிருக்கும் என்று
கருங்கல் சந்தையில் புதிது வாங்கினேன்.
புது டேப்பிலும் ஒன்றரை.

விடியக்காலம் எழும்பினால் பலகைபோல் நிற்பார்.
"நடுவேதனையாக்கும். வேலை தொடங்கினா விடும்."
விட்டது, ஆரம்பத்தில்.
பத்து மணிக்கு மேல் மனுஷனாவார்.
தக்கலையில் ஒரு வர்மாணி எண்ணெய் தந்தார்.
முதுகு மினுங்கியது,
வளையவில்லை.

பிறகு சட்டைதான் சொன்னது.
முன்துண்டு தொங்கியது, பின்துண்டு ஏறியது.
பின்னால் அரை இஞ்சு கூட்டி
முன்னால் அரை இஞ்சு குறைத்தேன்.
அடுத்த வருஷம் ஒன்று.
அதற்கடுத்து ஒன்றேகால்.
அவரிடம் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.
கண்ணாடியில் சட்டை நேராகத்தான் தெரிந்தது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டரும் பையிலிருந்து ஒரு டேப் எடுத்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"இழுங்க. விடுங்க.
ஒரு சென்டிமீட்டர்தான் விரியுது."
"தெரியும்" என்றேன்.
அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி மூங்கில் மாதிரி என்றார்.
கணுவுக்குக் கணு எலும்பு வளர்ந்து
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதாம்.
விலா வந்து முதுகில் சேருகிற
கீல்களும் பூட்டிக்கொண்டனவாம்.
"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு.
விரியறதுக்குக் கூடு இடம் கொடுக்கல."

ததேயுவுக்குக் கழுத்து திரும்பாது.
முழு உடம்போடு திரும்பிப் படத்தைப் பார்த்தார்.
"மூங்கில் எங்க டாக்டரே,
இது சிப்பியாக்கும்.
பாறையில இப்படித்தான் ஒண்ணுமேல ஒண்ணு பிடிக்கும்.
உளி வச்சுத்தான் இளக்கணும்."
டாக்டர் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த அறையில் அட்டைக் குழாயும் ஒரு பெண்ணும்.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
இன்னும் இன்னும் விடாதீங்க
என்று அவள் கத்திய கத்தில்
வராந்தாவில் தூங்கிய பிள்ளை முழித்துக்கொண்டது.
மூன்று தடவை ஊதினார்.
திரையில் கோடு ஏறி
உடனே படுத்துவிட்டது.
"பீடி பிடிப்பீங்களா?"
"மூச்சுதான் பிடிப்பேன்."
அவள் சிரிக்காமல்
இல்லை என்று எழுதினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்கு.
கடலைப் பார்க்கத் திரும்ப முடியாது என்று
என்னை எழும்பச் சொல்லி
இடம் மாறி
சாய்வாக உட்கார்ந்துகொண்டார்.
மண்டைக்காடு தாண்டியும் பேசவில்லை.
குளச்சல் வந்ததும்
"வீட்டுல மண்ணெண்ணெய் இருக்கா?" என்றார்.

இந்த வருஷம் நெஞ்சு முப்பத்தைந்து.
இரண்டாவது எண்ணுக்கு விட்ட இடத்தில்
அதே முப்பத்தைந்தை எழுதிவிட்டு
டேப்பை உருவினேன்.
அது நழுவி வயிற்றில் நின்றது.
அங்கே ஏதோ தள்ளியது.
"இழுங்க" என்றேன்.
முப்பத்துநாலேகால்.
"விடுங்க."
முப்பத்திரண்டு.
இன்னொரு தடவை பார்த்தேன், சரிதான்.
மூச்சு யாரிடமும் சொல்லாமல்
கீழ்வீட்டுக்குக் குடிமாறியிருக்கிறது.

ஒன்பதாம் பக்கத்தில் புதுசாய் ஒரு வரி, வயிறு.
கீழ்ப் பொத்தான் மூன்றையும் தள்ளி வைக்கணும்.
துணி கால் மீட்டர் கூடப் பிடிக்கும்.
கடைக்காரர் கத்திரியை நிறுத்திக் கேட்டார்,
"அண்ணன் பெருத்துட்டாரோ?"
"ஆமா" என்றேன்.